புரட்சியில் சிக்கிய ஒரு குடும்பத்தைச் சொல்லும் நல்ல மேடை நாடகம் எது?

புரட்சிக்கு நடுவில் வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றி நாடகம் படிக்க வேண்டும், எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ரஷ்ய எழுத்தாளர் மிகயீல் புல்ககோவ் எழுதிய 'துர்பின்களின் நாட்கள்'. எனக்கு இதில் இரண்டாவது யோசனையே கிடையாது.

கீவ் நகரம், 1918 குளிர்காலம். அப்பா அம்மா இல்லாத வீடு. அண்ணன் அலெக்ஸேய்க்கு 30 வயது, பீரங்கிப் படையில் கர்னல். தங்கை எலேனாவுக்கு 24, கடைக்குட்டி நிகோல்காவுக்கு 18. ஜெர்மானியர் தயவில் உக்ரைனை ஆளும் ஹெத்மான் (ஆட்சித் தலைவர்) ஸ்கோரோபாத்ஸ்கி இன்றோ நாளையோ விழப்போகிறார். வெளியே உக்ரேனிய தேசியவாதத் தலைவர் பெத்லியூராவின் படை நெருங்குகிறது, அதற்குப் பின்னால் ரஷ்யப் புரட்சியை நடத்திய போல்ஷெவிக்குகள். வீட்டுக்குள்ளோ கணப்பில் நெருப்பு எரிகிறது, கடிகாரம் மணி அடித்துவிட்டு ஒரு மெட்டும் வாசிக்கிறது, நிகோல்கா கிதாரோடு பாடிக்கொண்டிருக்கிறான். தூரத்தில் பீரங்கி.

அந்த ராத்திரி யார் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பாருங்கள். கால்விரல்கள் உறைந்துபோய் ஒரு நண்பன் வருகிறான். ஷித்தோமிர் நகரிலிருந்து 11 நாள் ரயிலில் அல்லாடி லரியோசிக் என்ற உறவுக்காரப் பையன் வந்து சேர்கிறான். அவனிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சட்டை, அதிலும் செகாவின் புத்தகங்களைச் சுற்றி வைத்திருக்கிறான். எலேனாவின் கணவன் தால்பெர்க் மட்டும் அவளை விட்டுவிட்டு ஜெர்மானியரோடு பெர்லினுக்குக் கிளம்புகிறான். லரியோசிக்குக்கு அந்த வீட்டு ஜன்னலின் வெளிர்மஞ்சள் திரைகள் மேல் அப்படி ஒரு பிரியம். அவற்றுக்குப் பின்னால் உட்கார்ந்தால் உள்நாட்டுப் போரே மறந்துவிடுகிறதாம். எனக்கு நாடகம் முழுக்க அந்தத் திரைச்சீலைதான். அது எத்தனை நாள் தாங்கும் என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு பக்கமும் புரண்டது.

ஹெத்மான் ஜெர்மன் சீருடையில் தப்பி ஓடிய செய்தி தெரிந்ததும், அவருக்காக நகரைக் காக்கத் தன் கீழ் நிற்கும் பயிற்சி வீரர்களிடம் அலெக்ஸேய் தோள்பட்டைச் சின்னங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறான். பாதிக்கு மேல் மாணவர்கள். அவர்களைக் காப்பாற்றிவிட்டு, காவல்முனையில் நிற்பவர்களுக்காகத் தான் மட்டும் காத்திருந்து சாகிறான். அடுத்த காட்சியில், தப்பி வந்த அதிகாரிகள் துர்பின் வீட்டில் நிற்கிறார்கள். அண்ணன் எங்கே என்று கேட்கிறாள் எலேனா. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அடிபட்டுக் கிடக்கும் நிகோல்காதான் சொல்கிறான். 'எல்லாரும் வீடு வந்து சேர்ந்துவிட்டீர்கள், தளபதி மட்டும் செத்துவிட்டாரா' என்கிற மாதிரி அவள் கேட்கும் இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

மாஸ்கோ கலை அரங்கில் இது 1926 அக்டோபர் 5 அன்று மேடையேறியது. உள்நாட்டுப் போர் முடிந்து சில வருடங்களே ஆகியிருந்தன; பார்க்க வந்தவர்களில் எத்தனையோ பேர் அண்ணனையோ கணவனையோ அதில் இழந்தவர்கள். போல்ஷெவிக்குகளிடம் தோற்ற வெண்படைத் தரப்பை மனிதர்களாகக் காட்டியதற்காக விமர்சகர்கள் புல்ககோவைக் கிழித்தார்கள். பத்து வருடத்தில் தன்னைப் பற்றி வந்த 301 விமர்சனங்களில் 298 பகையானவை என்று அவரே எண்ணி 1930இல் அரசுக்கு எழுதினார். ஆனால் ஸ்டாலினுக்கு நாடகம் பிடித்திருந்தது. பத்துப் பதினைந்து தடவை பார்த்திருக்கிறார். இப்பேர்ப்பட்டவர்களே ஆயுதத்தைக் கீழே போட வேண்டி வந்தது என்றால் போல்ஷெவிக்குகள் வெல்ல முடியாதவர்கள் என்பது அவர் வாதம். அப்படியும் 1929இல் நிறுத்தப்பட்டு, 1932இல்தான் திரும்ப மேடைக்கு வந்தது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். உக்ரேனியர்கள் இதில் பெரும்பாலும் கொடூரமான சிப்பாய்களாக மட்டுமே வருகிறார்கள். 1929இல் உக்ரேனிய எழுத்தாளர்கள் ஸ்டாலினை நேரில் சந்தித்தபோதே இந்த நாடகத்தை எதிர்த்துப் பேசினார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். துர்பின்களின் ஜன்னல் வழியாகத் தெரிந்த கீவ்தான் இதில் இருக்கிறது, முழுக் கீவ் இல்லை.

சரி, எந்த வரிசையில் படிப்பது? முதலில் நாடகம், அப்புறம் அதற்கு மூலமான 'வெண்படை' நாவல். நாவலில் அலெக்ஸேய் கர்னல் இல்லை, புல்ககோவைப் போலவே டாக்டர். குண்டடி படுகிறான், டைஃபஸ் காய்ச்சலில் கிடக்கிறான், ஆனால் பிழைத்துக்கொள்கிறான். நாடகத்தில் பறிகொடுத்தவனை நாவலில் உயிரோடு பார்த்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா!