கேபிள் மாற்றினால் படம் மாறுமா?

கேள்வி: பிளேஸ்டேஷன் 5 வாங்கியிருக்கிறேன். பெட்டியில் வந்த ஹெச்டிஎம்ஐ கேபிளைத்தான் டிவியில் செருகியிருக்கிறேன். தங்க முலாம் பூசிய விலை கூடின கேபிள் போட்டால் நிறம் இன்னும் எடுப்பாக வரும் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: வராது. உங்கள் பெட்டியில் இருந்ததே நொடிக்கு 48 ஜிகாபிட் தரவு வரை தாங்கும் அல்ட்ரா ஹை ஸ்பீடு ரகம், அந்த கன்சோல் அனுப்புவதோ அதிகபட்சம் 32 ஜிகாபிட். இதற்கு மேல் என்ன கேபிள் வேண்டும்? ஹெச்டிஎம்ஐயில் ஓடுவது டிஜிட்டல் சிக்னல். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் முழுசாகச் சேரும், தடுமாறினால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், படம் ஓரிரு நொடி இருட்டடித்துவிட்டுத் திரும்பும், இல்லையென்றால் சிக்னலே இல்லை என்று டிவி கையை விரித்துவிடும். சிவப்பு கொஞ்சம் வெளிறுவது, பச்சை கொஞ்சம் மங்குவது என்ற பேச்சே அங்கே கிடையாது. தங்க முலாம் முனை துருப்பிடிக்காமல் காக்கும், அவ்வளவுதான். நிறம் பிடிக்கவில்லையென்றால் டிவியின் பிக்சர் செட்டிங்கில் கை வையுங்கள்.

கேள்வி: என் டிவியில் 4கே 120 ஹெர்ட்ஸ், அதாவது 4கே நுணுக்கத்தில் நொடிக்கு 120 படம், வரும் என்று போட்டிருக்கிறது. கேபிளும் '2.1' என்று ஹெச்டிஎம்ஐ பதிப்பு எண் எழுதியதுதான். ஆனாலும் பிளேஸ்டேஷன் 5-இல் 60-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. வேறு கேபிள் வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், கேபிள் கடைசி சந்தேக நபர்தான். முதலில் டிவியின் பின்னால் பாருங்கள். நாலு ஹெச்டிஎம்ஐ போர்ட் இருந்தாலும் பல டிவிகளில் இரண்டுதான் 120-ஐ வாங்கும், பெரும்பாலும் பக்கத்திலேயே பொடி எழுத்தில் '4கே 120' என்று இருக்கும். சரியான போர்ட்டில் செருகிய பிறகும் டிவி அதைத் தானாகத் திறந்துவிடும் என்று நம்ப முடியாது. சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'ஹெச்டிஎம்ஐ டீப் கலர்', சோனியில் 'ஹெச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்' என்று ஆளுக்கொரு பெயரில் அந்த செட்டிங்கை ஒளித்து வைத்திருக்கிறார்கள். நடுவில் பழைய சவுண்ட்பார் இருக்கிறதா? அப்படியானால் அதுதான் வழியை மறிக்கிறது. கன்சோலை நேராக டிவியில் செருகிவிட்டு, ஒலியை மட்டும் டிவியின் ஏஆர்சி போர்ட் (டிவியிலிருந்து ஒலியை வெளியே அனுப்பும் ஹெச்டிஎம்ஐ போர்ட்) வழியாக சவுண்ட்பாருக்கு அனுப்புங்கள்.

அப்புறம், டிவி பெட்டியில் 'மோஷன் ரேட் 120' என்று போட்டிருந்ததை வைத்துச் சொல்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது விற்பனைக்காக எழுதுவது, உள்ளே இருக்கும் பேனல் 60 ஹெர்ட்ஸாகவே இருக்கலாம். ஆடும் கேமும் 120-க்கு எழுதப்பட்டதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கன்சோல் 60-இலேயே நிற்கும். இப்போது என்ன போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிய, கேமை ஓடவிட்டு செட்டிங்ஸில் 'ஸ்க்ரீன் அண்ட் வீடியோ' பகுதியில் 'வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன்' பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் படம் விட்டு விட்டு வந்தால் மட்டும் கேபிளைச் சந்தேகப்படலாம். '2.1' என்று எவர் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம், அதை நம்பாதீர்கள். அல்ட்ரா ஹை ஸ்பீடு என்ற சான்று லேபிளும் அதில் ஸ்கேன் செய்யக்கூடிய கியூஆர் குறியீடும் உள்ள கேபிளாக எடுங்கள்.

கேள்வி: பழைய பிளேஸ்டேஷன் 2-ஐ புது டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் இணைத்தேன். படம் கலங்கலாகத் தெரிகிறது. ஹெச்டிஎம்ஐக்கு மாற்றும் குட்டிப் பெட்டி வாங்கினால் தேறுமா?

பதில்: இங்கே கேபிள் பேசும்! மஞ்சள் ஒயர் ஒன்றிலேயே வெளிச்சமும் நிறமும் கலந்து வருகின்றன, டிவி அவற்றை மறுபடி பிரிக்கும்போது ஓரங்கள் கசிகின்றன. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து வரும் இடத்தில் உற்றுப் பாருங்கள், விளிம்பில் புள்ளிகள் எறும்பு மாதிரி ஊரும். அந்த மஞ்சள் ஒயரையே வாங்கிக்கொள்ளும் குட்டிப் பெட்டி, ஏற்கெனவே கலங்கியதைத்தான் ஹெச்டிஎம்ஐயாக மாற்றித் தரும். கூடவே பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவில் தாமதம் கூடினாலும் ஆச்சரியமில்லை.

உங்கள் டிவியில் பச்சை, நீலம், சிவப்பு துளைகள் இருந்தால் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனி ஒயரில் அனுப்பும் கம்போனென்ட் கேபிள் வாங்குங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் கேபிளை மாற்றும் முன், மஞ்சள் ஒயரில் படம் தெரியும்போதே கன்சோலின் சிஸ்டம் செட்டிங்கில் 'கம்போனென்ட் வீடியோ அவுட்' என்பதை ஆர்ஜிபியிலிருந்து 'ஒய் சிபி/பிபி சிஆர்/பிஆர்' என்ற தேர்வுக்கு மாற்றிவிடுங்கள். மறந்தால் படம் தாறுமாறான நிறத்தில் வரும், கேபிள் ஓட்டை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள். சில டிவிகளில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒரே துளைதான், அதையும் கவனியுங்கள். தாமதத்தைக் குறைக்க டிவியில் கேம் மோடையும் போட்டுவிடுங்கள். துப்பாக்கி வைத்துச் சுடும் பழைய கேம்கள் மட்டும் எந்தக் கேபிள் போட்டாலும் ஓடாது, அந்தத் துப்பாக்கிக்குப் பிக்சர் டியூப் டிவிதான் வேண்டும்.

கேள்வி: கன்சோல் ஒரு அறையில், டிவி அடுத்த அறையில். 10 மீட்டர் ஹெச்டிஎம்ஐ கேபிள் இழுக்கலாமா?

பதில்: சாதாரண செம்புக் கேபிள் 4கே 120-க்கு 3 மீட்டர் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். 10 மீட்டருக்கு, சிக்னலை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்கு தலை வால் உண்டு: 'சோர்ஸ்' என்று எழுதிய முனை கன்சோலில், 'டிஸ்ப்ளே' என்று எழுதியது டிவியில். சுவருக்குள் பதிக்கும் முன் ஒருமுறை தரையில் போட்டு ஓட்டிப் பார்த்துவிடுங்கள், மடக்கி ஒடிக்காதீர்கள்.