ஊட்டியிலிருந்து அல்மாட்டிக்கு: குடும்பத்தோடு முதல் ஸ்னோபோர்டிங்

கேள்வி: ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் இருக்கிறோம். நான், மனைவி, 13 வயது மகள், 6 வயது மகன். யாரும் பனிச்சரிவில் கால் வைத்ததே இல்லை. வெளிநாடு போய் ஸ்னோபோர்டிங் கற்க ஆசை. எங்கே, எப்போது போகலாம்? ஊட்டிக் குளிருக்கு வைத்திருக்கும் உடுப்பே போதாதா?

பதில்: உடுப்பு போதாது. குளிரைவிட ஈரம்தான் அங்கே பிரச்சினை. தலைக்குந்தாவில் உறைபனி விழும் காலையில் நாம் நிற்கிறோம், நடக்கிறோம், பனியில் உட்காருவதில்லை. ஸ்னோபோர்டு பழகுபவர் முதல் இரண்டு நாள் பெரும்பாலும் பனியில் உட்கார்ந்தோ மண்டியிட்டோதான் இருப்பார். ஜீன்ஸும் பருத்தி பனியனும் நனைந்தால் சீக்கிரம் காயாது, உடல் சூடும் இறங்கிவிடும். எனவே உள்ளே பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி தெர்மல் போடுங்கள். அதன்மேல் உங்களிடம் இருக்கும் கம்பளி ஸ்வெட்டரே போதும், புதிதாக வாங்க வேண்டாம். வெளியே மட்டும் 10,000 மி.மீ. (துணி கசியாமல் தாங்கும் நீர்மட்ட உயரம்) நீர்த்தடுப்புத் தரமுள்ள ஜாக்கெட்டும் பேன்ட்டும் வேண்டும். போகிற இடத்திலேயே வாடகைக்கு எடுக்கலாம். பின்னிய கையுறை பத்து நிமிடத்தில் நனைந்துவிடும் என்பதால் நீர்புகாக் கையுறை அவசியம்.

இடத்துக்கு எங்கள் தேர்வு கஜகஸ்தானின் அல்மாட்டி நகரை ஒட்டியுள்ள ஷிம்புலாக் பனிச்சறுக்குத் தளம். இந்தியர்கள் அங்கே விசா இல்லாமல் 14 நாள் வரை தங்கலாம். டிக்கெட் எடுக்கும் முன் தூதரகப் பக்கத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். கோவையிலிருந்து டெல்லி, அங்கிருந்து நேரடி விமானம். சறுக்குத்தளத்தின் அடிவாரம் சுமார் 2,260 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியே 2,240 மீட்டர் என்பதால் சமவெளிக்காரர்களுக்கு வரும் மூச்சிரைப்பும் தலைவலியும் உங்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. உச்சி சுமார் 3,200 மீட்டர்; இந்தப் பயணத்தில் அங்கிருந்து சறுக்கி இறங்கும் எண்ணம் வேண்டாம்.

காலத்துக்குப் பொங்கல் விடுமுறையைப் பிடியுங்கள். அரையாண்டு விடுமுறையில் போனால் புத்தாண்டுக் கூட்டத்தில் மாட்டுவீர்கள். ஜனவரி 7 அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸ் விடுமுறை. அதன்பின் கூட்டம் குறையும், பனியும் நன்றாக இருக்கும். பொங்கலோடு சில நாள் பள்ளி விடுப்பு சேர்த்தால் ஐந்து நாள் சரிவில் கிடைக்கும். ஐந்து நாளும் ஒரே இடத்தில் இருங்கள். இரண்டு ஊர் சுற்றும் பேக்கேஜ் எடுத்தால், கால் பழகத் தொடங்கும் நேரத்தில் பெட்டி கட்ட வேண்டி வரும்.

மகனுக்கு ஸ்னோபோர்டு வேண்டாம், ஸ்கீ கொடுங்கள். ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் பக்கவாட்டில் பூட்டப்பட்டிருக்கும். அதைத் திருப்பும் எடையும் கணுக்கால் பலமும் ஆறு வயதில் பெரும்பாலும் போதாது. ஸ்கீயில் காலுக்கு ஒரு பலகை, முன்பக்கம் பார்த்தே போகலாம். இரண்டு பலகைகளின் முனைகளையும் உள்பக்கம் சேர்த்தால் வேகம் குறையும், இதைச் சிறு பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். மகளுக்குத் தாராளமாக ஸ்னோபோர்டு கொடுக்கலாம்.

வாடகைக் கடையில் போர்டைவிட பூட்ஸுக்கு அதிக நேரம் கொடுங்கள். வீட்டிலேயே சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, பெருவிரல் நுனி வரை சென்டிமீட்டரில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பூட்ஸை இறுக்கிக் கட்டி நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் சற்றே விலக வேண்டும். குதிகால் மேலே எழும்பினால் அந்த ஜோடி வேண்டாம், ஏனென்றால் நீங்கள் சாய்வது போர்டுக்குப் போய்ச் சேராது. சாக்ஸ் ஒன்றே ஒன்றுதான். இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கொப்புளம் வரும், இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். போர்டு உங்கள் தாடைக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரம் இருக்கட்டும். புதியவர்களுக்குத் தாடைப் பக்கமே நல்லது. எந்தக் கால் முன்னால் என்று கடையில் கேட்பார்கள். வீட்டு வழவழப்புத் தரையில் சாக்ஸோடு ஓடிச் சறுக்கிப் பாருங்கள், இயல்பாக முன்னே போகும் கால்தான் அது.

முதல் மூன்று நாளும் காலையில் இரண்டு மணி நேரம் பயிற்றுநருடன் கட்டாயம் பழகுங்கள். இந்தச் செலவில் மட்டும் கை வைக்காதீர்கள். புதியவர்களை அடித்துப் போடுவது ஒரே தவறு: சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கும் போர்டு விளிம்பு பனியில் கடித்துக்கொள்வது. கீழ்நோக்கிப் பார்த்தபடி வழுக்கும்போது எடை குதிகால் பக்கம் இருக்க வேண்டும். பயத்தில் விரல் பக்கம் சாய்ந்தால் அந்த விளிம்பு குத்தி, முகம் குப்புற விழுவீர்கள். விழும்போது கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு முறியும். ஸ்னோபோர்டில் புதியவர்களுக்கு அடிக்கடி நேரும் காயம் அதுதான். விரல்களை மடக்கி, முன்னால் விழுந்தால் முழங்கையிலிருந்து கை வரை தரையில் படும்படி விழுங்கள். பின்னால் விழுந்தால் குந்தி, தாடையை நெஞ்சோடு ஒட்டிப் புட்டத்தில் உருளுங்கள். இதை வீட்டு மெத்தையிலேயே மகளோடு பழகலாம். மணிக்கட்டுக் காப்பு எல்லா வாடகைக் கடையிலும் கிடைக்காது, வாங்கிக்கொண்டே போங்கள். ஹெல்மெட் நால்வருக்கும் வேண்டும்.

புதுப்பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். மூக்குத் துவாரத்தின் அடியிலும் தாடைக்குக் கீழும் சன்ஸ்கிரீன் தடவுங்கள், மேகமூட்டத்திலும் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். நான்காம் நாள் உடம்பெல்லாம் வலிக்கும். அன்று பாதி நாள் ஓய்வெடுங்கள், அல்லது கீழே மெடேயு ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கைப் பார்த்து வாருங்கள்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது ‘குளிர்கால விளையாட்டு’ சேர்ந்திருக்கிறதா என்று விலக்குகள் உள்ள பக்கத்தில் பாருங்கள். சாதாரண பாலிசிகள் பலவற்றில் அது இருக்காது. சரிவிலிருந்து மீட்டு இறக்கும் செலவும் அடங்க வேண்டும். சேர்ந்திருந்தாலும், குறியிட்ட பாதையை விட்டு வெளியே சறுக்கி அடிபட்டால் பெரும்பாலும் பணம் வராது. இதை மகளிடமும் சொல்லி வையுங்கள்.