ரயில்வே மியூசியத்தை ஏன் பழைய குடோன்ல வைக்கிறாங்க?

குடோன்னு இங்க சொல்றது கூட்ஸ் ஷெட், அதாவது வேகன்ல வந்த சரக்கை இறக்கி வண்டியில ஏத்துற வரைக்கும் வச்சிருந்த கட்டடம். உபயோகம் நின்னுபோனதை இடிக்காம பழுதுபார்த்து மியூசியமா மாத்திடறாங்க.

முக்கிய காரணம் எடை. பெரிய ஸ்டீம் எஞ்சின் ஒண்ணு 100 டன்னைத் தாண்டும், சாதாரண ஹால்ல கொண்டுவந்து வச்சா தரை தாங்காது, வாசல் வழியா உள்ளயே போகாது. கூட்ஸ் ஷெட்லயோ பல இடத்துல தண்டவாளமே உள்ள வரைக்கும் போகும், கூரை உயரம், தூணும் தள்ளித் தள்ளி இருக்கும்.

சேலம் செவ்வாப்பேட்டைல சில மண்டிகளைப் பாருங்க, தரை ரோட்டுல இருந்து இடுப்பு உயரத்துல இருக்கும், லாரியை ரிவர்ஸ்ல ஒட்டி நிறுத்தினா மூட்டையைத் தூக்காம அப்படியே தள்ளிடலாம். கூட்ஸ் ஷெட் பிளாட்பாரமும் அதே கணக்குதான்.

இங்கிலாந்துல மான்செஸ்டர்ல 1830ல கட்டின ரயில்வே கிடங்கு இன்னும் நிக்குது, இப்ப அது சயின்ஸ் அண்ட் இண்டஸ்ட்ரி மியூசியத்தோட பகுதி. ஒரு பக்கம் ரயில் மேல்தளத்துக்கே வந்துரும், மறுபக்கம் தெரு மட்டத்துல குதிரைவண்டி நிக்கும், சரக்கு மேல இருந்து கீழ இறங்கும். என்னைக் கேட்டா உள்ள இருக்கிற எஞ்சினை விட இந்த ஐடியாதான் பாக்க வேண்டியது. யார்க்ல 1975ல திறந்த நேஷனல் ரயில்வே மியூசியமும் பழைய லோகோ ஷெட்லயும் (எஞ்சினை நிறுத்தி பராமரிக்கிற இடம்) கூட்ஸ் ஸ்டேஷன்லயும்தான் இருக்கு.

காசை மிச்சம் பண்ணத்தான் பழைய கட்டடத்துல வைக்கிறாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா உளுத்த மரத்தையும் துருப்பிடிச்ச இரும்பையும் பழைய மாதிரியே சரிபண்ண சில சமயம் புதுசா கட்டுறதை விட அதிகமாவே ஆகும்.