தெரியாதவரின் கோப்பைத் திறப்பதே தொழில் என்றால்: டி.டி.பி. கடைக்கான இணையப் பாதுகாப்பு

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்கு அருகே ஜெராக்ஸ், டி.டி.பி. கடை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். திருமண அழைப்பிதழ், பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஆகியவற்றை வடிவமைத்துக் கொடுப்பது அவரது தொழில். அண்மையில் அதே தெருவில் உள்ள இன்னொரு கடையின் கணினியில் கோப்புகள் அனைத்தும் ஒரே இரவில் திறக்க முடியாதவையாகிவிட்டன. பணம் கேட்கும் குறிப்பு ஒன்று மட்டும் திரையில் இருந்தது. அதே வாரத்தில் இவருடைய வாட்ஸ்அப்புக்கும் ‘திருமண அழைப்பிதழ்’ என்ற பெயரில் ஓர் ஏ.பி.கே. கோப்பு (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) வந்திருக்கிறது, அவர் அதைத் திறக்கவில்லை. “கணினி ஒன்று, கைபேசி ஒன்று, இரண்டையும் நானும் உதவியாளரும் சேர்ந்துதான் பயன்படுத்துகிறோம். பல ஆண்டு வேலை முழுவதும் அந்தக் கணினியில் இருக்கிறது. நல்ல ஆன்டிவைரஸ் ஒன்று வாங்கிப் போட்டால் போதுமா?” என்று கேட்கிறார்.

போதாது. ஆன்டிவைரஸ் தேவையில்லை என்பதல்ல. விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸை அணைக்காமல் வைத்திருந்தாலே உங்கள் அளவிலான கடைக்குப் பெரும்பாலும் போதுமானது. அதற்கு மேல் செலவிடப் பணமிருந்தால், அது முதலில் போகவேண்டிய இடம் வேறு. “முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்பைத் திறக்காதீர்கள்” என்று எல்லோரும் சொல்லும் அறிவுரை உங்களுக்குப் பயன்படாது. இரவு பதினொரு மணிக்கு ஒருவர் கண்கலங்கியபடி வந்து, விடியற்காலைக்குள் சுவரொட்டி ஒட்டியாக வேண்டும் என்று பென் டிரைவை நீட்டும்போது, நீங்கள் அதைத் திறந்துதான் ஆகவேண்டும். ஆகவே, கெட்ட கோப்பு என்றாவது ஒருநாள் உள்ளே வந்துவிடும் என்று வைத்துக்கொண்டு, அப்படி வந்தாலும் வேலையும் பணமும் அழியாதபடி கடையை அமைத்துக்கொள்வதே உங்களுக்குரிய வழி.

பக்கத்துக் கடையில் நடந்தது ரான்சம்வேர் தாக்குதல். அது கோப்புகளை அழிப்பதில்லை. சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்துவிட்டு, சாவிக்கு விலை கேட்கிறது. அந்தக் கணினியைப் பார்க்காமல் அது எப்படி நுழைந்தது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் டி.டி.பி. கடைகளைப் பொறுத்தவரை நான் முதலில் சந்தேகிப்பது கிராக் செய்யப்பட்ட, அதாவது உரிமப் பூட்டை உடைத்துத் திருட்டுத்தனமாகப் பரப்பப்படும், மென்பொருளைத்தான். ஃபோட்டோஷாப், கோரல் டிரா ஆகியவற்றின் கிராக் பதிப்பை நிறுவும்போது “ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்” என்ற குறிப்பு வருவது வழக்கம். பூட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திருடனை வீட்டுக்குள் அழைப்பதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. உலகெங்கும் தனிநபர் கணினிகளைப் பெருமளவில் பாதித்த ஸ்டாப்-டிஜேவு என்ற ரான்சம்வேர் குடும்பம் முக்கியமாகப் பரவியதே இத்தகைய கிராக் கோப்புகளின் வழியாகத்தான். அது 980 டாலர் கேட்டு, 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை என்று ‘சலுகை’யும் அறிவித்தது. தமிழ் எழுத்துரு தேடும்போதும் இதே எச்சரிக்கை தேவை. எழுத்துருக் கோப்பு டி.டி.எஃப். அல்லது ஓ.டி.எஃப். என்று முடியும், “ஐந்நூறு தமிழ் ஃபான்ட் இலவசம்” என்ற பெயரில் இ.எக்ஸ்.இ. கோப்பு (சொடுக்கினால் இயங்கும் நிரல்) ஒன்று இறங்கினால் அதைத் தொடவே வேண்டாம். மென்பொருளை விலைகொடுத்து வாங்க இயலாதவர்கள் இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், கிம்ப் ஆகிய இலவச மென்பொருள்களைப் பயன்படுத்தலாம். பழகச் சில வாரங்கள் பிடிக்கும் என்பது உண்மைதான்.

பாதிக்கப்பட்டவர் பணம் செலுத்த வேண்டாம். செலுத்தினாலும் சாவி கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, ஹார்டு டிஸ்க்கை அழிக்காமல் கழற்றி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் கணினிப் பாதுகாப்பு நிறுவனங்களுடன் இணைந்து 2016-இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் பல வகை ரான்சம்வேர்களுக்கான சாவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்று சாவி இல்லாத வகைக்குப் பின்னாளில் கிடைத்ததும் உண்டு.

இனி உங்கள் பணம் போகவேண்டிய இடம்: வெளியே கழற்றி வைக்கக்கூடிய இரண்டு ஹார்டு டிஸ்க்குகள். நாள் வேலை முடிந்ததும் ஒன்றைச் செருகிக் கோப்புகளை நகலெடுத்துவிட்டு உடனே கழற்றிவிட வேண்டும். கணினியிலேயே செருகி விட்டுவைத்த டிஸ்க்கை நகல் என்று நான் கணக்கில் கொள்வதில்லை. ரான்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். இரண்டாவது டிஸ்க் கடையில் இருக்கவே கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல தெருக்களில் நாட்கணக்கில் நீர் நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தரைத்தளக் கடையின் மேசை இழுப்பறையில் கிடக்கும் நகல் அந்த நீருக்குத் தப்பாது. மாடி வீட்டிலோ உறவினர் வீட்டிலோ அதை வைத்து, வாரம் ஒருமுறை இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். கூகுள் டிரைவில் தானாகச் சேமிக்கிறதே என்று கேட்பீர்கள். அது தானாக ஒத்திசைக்கும் ஏற்பாடு என்பதால், பூட்டப்பட்ட கோப்பும் அப்படியே மேலே ஏறிவிடும். பழைய பதிப்பை 30 நாட்களுக்குள் மீட்க வழியுண்டு என்றாலும், ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு அதை ஒவ்வொன்றாகச் செய்வது பெரும்பாடு. மாதம் ஒருமுறையாவது நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல் இருக்கிறதா இல்லையா என்பது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

வாடிக்கையாளர் கோப்புகளைத் திறப்பதற்கென்று பழைய கணினி ஒன்றை ஒதுக்க முடிந்தால் மிக நல்லது. அதில் வங்கிக் கணக்கோ மின்னஞ்சலோ உங்கள் வடிவமைப்புகளோ இருக்கக்கூடாது. முடியாவிட்டால், விண்டோஸில் நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அன்றாட வேலையை நீங்களும் உதவியாளரும் அதிலேயே செய்யுங்கள். புதிதாக எதையேனும் நிறுவ முயன்றால் பெரும்பாலும் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கணினி கேட்கும். அவசரத்தில் செய்யும் தவறு பல அந்த இடத்திலேயே நின்றுவிடும். கோப்பின் எக்ஸ்டென்ஷனை (பெயரின் முடிவில் அதன் வகையைக் காட்டும் எழுத்துகளை) விண்டோஸ் இயல்பாக மறைத்துவைப்பதால், பி.டி.எஃப். போலப் பெயரிடப்பட்ட இ.எக்ஸ்.இ. கோப்பு உங்கள் கண்ணுக்கு வெறும் பி.டி.எஃப். ஆகவே தெரியும், கோப்புறையின் ‘வியூ’ பகுதியில் அதைக் காட்டும்படி மாற்றிவிடுங்கள். பென் டிரைவில் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிந்தால் எதையும் சொடுக்காமல் கழற்றிவிட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கும் ஆதரவு விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு (வழக்கமான ஆதரவு) 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டது. 2017 மே மாதம் உலகையே உலுக்கிய வான்னாகிரை என்ற ரான்சம்வேர், அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டிருந்த விண்டோஸ் ஓட்டையின் வழியாகத்தான் நுழைந்தது என்பதை நினைவில் கொண்டு, அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

கைபேசிக்கு வருவோம். அழைப்பிதழ் என்பது படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ காணொளியாகவோ வரும், ஏ.பி.கே. என்பது நிறுவப்படும் செயலி. அதை நிறுவி, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. நேரே மோசடிக்காரருக்குப் போய்விடும். அதே கோப்பு உங்கள் தொடர்பிலுள்ள எல்லோருக்கும் உங்கள் பெயரிலேயே செல்வதும் உண்டு. உங்கள் நிலைமை இதில் மற்றவர்களைவிட மோசம்: அழைப்பிதழ் அனுப்புவதே உங்கள் தொழில் என்பதால், உங்கள் எண்ணிலிருந்து வரும் எதையும் வாடிக்கையாளர் சந்தேகிக்கமாட்டார். எனவே கடை வாட்ஸ்அப்புக்கு ஒரு கைபேசியும், வங்கிக்கும் யு.பி.ஐ.க்கும் வேறொரு எண்ணில் வேறொரு கைபேசியும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை உதவியாளரிடம் கொடுக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ எண்ணை அமைத்து, ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியில் தெரியாத கணினி ஏதும் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் ஒருபோதும் தேவையில்லை. வாடிக்கையாளர் காட்டும் ‘பணம் அனுப்பியாயிற்று’ என்ற திரையை நம்பாமல், சவுண்ட்பாக்ஸின் குரலையோ உங்கள் வங்கிக் கணக்கையோ நம்புங்கள்.

அத்தகைய செயலியை உதவியாளர் தவறுதலாக நிறுவிவிட்டால் முதலில் கைபேசியை ஏர்பிளேன் முறைக்கு மாற்றி, வைஃபையும் அணைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, வேறு கைபேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்குங்கள். பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்து கையில் எடுக்கப்படுவதற்குள் அதை நிறுத்திவைக்க முயல்வதே அந்த எண்ணின் வேலை என்பதால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது மோசடிக்காரருக்கே உதவும். பரிவர்த்தனை எண், நேரம், தொகை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதியின்படி, வங்கியிடமோ உங்களிடமோ தவறில்லாமல் மூன்றாம் தரப்பால் பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் இழப்பு உங்களுடையதன்று. ஓ.டி.பி.யையோ பின்னையோ நீங்களே சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு உங்கள் தலையில்தான் விழும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களின் ஆதார், பான் அட்டைகள் உங்கள் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையிலும் வாட்ஸ்அப் வெப்பிலும் குவிந்துகிடக்கும். இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் என்பதால், அந்தப் பூட்டை நம்ப முடியாது. அச்சு எடுத்தவுடன், வாடிக்கையாளர் எதிரிலேயே, கோப்பையும் ரீசைக்கிள் பின்னில் உள்ள அதன் நகலையும் அழித்துவிடுங்கள். முழு எண் தேவைப்படாத இடங்களுக்கு, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதாரை’ இறக்கிக் கொடுங்கள்.