வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கணிதப் பாடம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்குக் கணிதம் போதிக்கிறேன். பரப்பளவுக் கணக்கைப் பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் டக்கென்று செய்துவிடுகிறார்கள். "டீச்சர், இது எதுக்கு?" என்று கேட்டால்தான் எனக்குச் சரியான பதில் வருவதில்லை. வகுப்பில் பெரிய டிவி உண்டு, என் மடிக்கணினி உண்டு, இணையம் மட்டும் வரும், போகும். எந்தச் செயலி நல்லது?
- ஓர் ஆசிரியை, பேராக்

பதில்: செயலியை அப்புறம் பார்ப்போம் டீச்சர். முதலில் பள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் பாருங்கள். செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைதானே? உங்கள் பாடம் அங்கேயே நிற்கிறது.

கூகள் எர்த்தில் உங்கள் பள்ளியைத் தேடி, பக்கத்தில் சமதரையாக இருக்கும் ஒரு செம்பனைப் பகுதிக்குப் போங்கள் (மேட்டு நிலத்தில் படி வெட்டி நட்டிருப்பார்கள், அது வேண்டாம்). மேலிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரியும். அதிலேயே தூரம் அளக்கும் வசதி இருக்கிறது. 100 மீட்டருக்கு 100 மீட்டர் சதுரம் ஒன்றைக் குறித்து, அதாவது சரியாக ஒரு ஹெக்டர், அந்தப் படத்தை வீட்டிலேயே சேமித்துக் கொண்டுவந்துவிடுங்கள். வகுப்பில் இணையமே தேவைப்படாது.

இப்போது படத்தைக் காட்டாமல் ஒரு கேள்வி போடுங்கள்: மரத்துக்கு மரம் 9 மீட்டர் இடைவெளி விட்டு நட்டால் ஒரு ஹெக்டரில் எத்தனை மரம் நிற்கும்? பெரும்பாலான பிள்ளைகள் 9 பெருக்கல் 9, ஒரு மரத்துக்கு 81 சதுர மீட்டர் என்று போய், 10,000-ஐ 81-ஆல் வகுத்து 123 என்பார்கள். கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. பிறகு படத்தைக் காட்டி எண்ணச் சொல்லுங்கள். மரம் செத்த இடமோ பாதையோ குறுக்கே வராவிட்டால் 140-ஐ ஒட்டி வரும். ஏறக்குறைய 20 மரம் கூடுதல்! இது எங்கிருந்து வந்தது என்று அவர்களே கேட்கும்வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.

விஷயம் இதுதான்: செம்பனையைச் சதுரமாக நடுவதில்லை, முக்கோணமாக நடுகிறார்கள். ஒரு வரிசையின் இரண்டு மரங்களுக்கு நடுவே பார்த்து அடுத்த வரிசையின் மரம் நிற்கும், மூன்றுக்கும் இடையே அதே 9 மீட்டர். அப்படி நட்டால் வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள தூரம் 9 மீட்டருக்கும் குறைந்துவிடுகிறது. எவ்வளவு குறைகிறது என்பதைக் கணக்குப் போட வர்க்கமூலம் வேண்டும், ஐந்தாம் ஆண்டில் அது இல்லை. இங்கேதான் தொழில்நுட்பம் உண்மையிலேயே உதவுகிறது. ஜியோஜீப்ரா என்ற மென்பொருளில் 9 அலகு பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தை வரைந்து உயரத்தை அளந்தால் 7.79 என்று காட்டும், வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள தூரம் அதுதான். அதை 7.8 என்று வைத்து 9-ஆல் பெருக்கினால் ஒரு மரத்துக்கு 70.2 சதுர மீட்டர். இனி 10,000-ஐ வகுக்கட்டும், 142 மரம் வரும். தெரியாத ஒரே ஒரு நீளத்தைக் கருவி கொடுத்தது, மற்றதெல்லாம் பிள்ளைகளின் கைவேலை. இந்த அளவோடு கருவியை நிறுத்துவதுதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

ஜியோஜீப்ரா 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் தொடங்கியது. வகுப்புக்கு இலவசம். கணினியில் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலேயே ஓடும். உங்கள் வட்டாரத் தோட்டத்தில் இடைவெளி 9 மீட்டர்தானா என்று அலுவலகக் கிராணியிடம் கேட்டுவிடுங்கள், தோட்டத்துக்குத் தோட்டம் கொஞ்சம் மாறும்.

பால்மரம் (ரப்பர்) மிச்சமிருக்கும் இடமென்றால் இன்னொன்று செய்யலாம். ஒட்டுக்கட்டிய மரத்தில் பால் வெட்டும் கோடு ஏறக்குறைய 30 பாகை சாய்வாக இருக்கும். சாய்வு காட்டும் இலவசச் செயலிகள் திறன்பேசிக்கு இருக்கின்றன, பேசியைக் கோட்டின் ஓரமாகப் பிடித்தால் கோணம் தெரியும். பாட்டி வீட்டில் கத்தி பிடித்த கைகள் இன்னும் இருந்தால் ஒரு நாள் வகுப்புக்கு வரச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம், தயவுசெய்து. வாழ்க்கைக் கணிதம் என்று சொல்லிப் பிள்ளைகளின் வீட்டுச் சம்பளச் சீட்டையோ மின்கட்டண பில்லையோ கொண்டுவரச் சொல்லாதீர்கள். யார் வீட்டில் எவ்வளவு வருகிறது, எத்தனை மாதம் பாக்கி என்பதெல்லாம் வகுப்புக்குத் தெரிய வேண்டியதில்லை. பள்ளியின் பில் போதும்.

கேள்வி: என் மகன் நான்காம் ஆண்டு. கணித விளையாட்டுச் செயலி ஒன்றை இறக்கிக் கொடுத்திருக்கிறேன், அது போதுமா?
- ஒரு தாய், கோல சிலாங்கூர்

பதில்: வாய்ப்பாடு வேகமாக வர அது உதவும் அம்மா, அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். உள்நாட்டு வாணிப அமைச்சின் பிரைஸ்கேட்சர் செயலியில் எந்தக் கடையில் கோழி என்ன விலை என்று பார்க்கலாம். மகனையே பார்க்கச் சொல்லுங்கள். 12 கிலோமீட்டர் தள்ளியுள்ள கடையில் கிலோவுக்கு 1 ரிங்கிட் மலிவு என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோ வாங்கினால் 2 ரிங்கிட் மிச்சம். போய்வர 24 கிலோமீட்டர், காருக்கு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 2 லிட்டர் பெட்ரோல். மானிய விலை 1.99 என்றாலும் ஏறக்குறைய 4 ரிங்கிட். போகலாமா, எத்தனை கிலோ வாங்கினால் போகலாம் என்பதை அவனே முடிவு செய்யட்டும். அவன் சொன்ன முடிவுப்படி அந்த வாரம் நடந்து காட்டுங்கள்.

கேள்வி: சாட்ஜிபிடியிடம் கேட்டுக் கணக்குகள் தயாரிக்கலாமா?
- இளம் ஆசிரியர், கூலிம்

பதில்: தயாரிக்கலாம் தம்பி, நேரம் மிச்சமாகும். ஆனால் சும்மா "பின்னக் கணக்கு பத்து கொடு" என்றால் ஆப்பிளும் ரயிலும்தான் வரும். ஊர், தோட்டம், லாரி, குலை எல்லாவற்றையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். நூறு கிலோ செம்பனைக் குலைக்குச் சராசரியாக 20 கிலோ எண்ணெய் கிடைக்கும் என்று ஒரு வரி சேர்த்தால் விழுக்காட்டுக்கு நல்ல கணக்குகள் வரும். வளர்ந்த மரத்தின் குலையை 2 கிலோ என்று அது எழுதிவிட்டால் தோட்டத்துப் பிள்ளை உடனே பிடித்துவிடுவான், அதன்பிறகு பாடத்தில் மனம் ஒட்டாது. ஆகவே எடை, விலை எல்லாவற்றையும் பழம் ஏற்றுகிறவர் யாரிடமாவது ஒருமுறை காட்டிவிட்டு வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.