கார்டு இல்லை, காசும் இல்லை: ஆஸ்பத்திரிக்கும் சாப்பாட்டுக்கும் எங்கே போவது? (கேள்வி பதில்)

அரசு மருத்துவமனை ஒன்றில் பதினோரு வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. காப்பீட்டு அட்டை இல்லையே என்று பயந்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். ஜி.எச்.சில் சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள் அம்மா. வலி நின்றிருந்தாலும் இன்றே கூட்டிப் போங்கள்; மறுபடி வந்தால் உடனே 108. அரசு மருத்துவமனையில் சேர அட்டை வேண்டியதில்லை. ஆதார்கூட இல்லாமல் வந்தவரைப் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றி இ.சி.ஜி. எடுத்த பிறகுதான் பெயரே கேட்டார்கள்; பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெரிய சிகிச்சைகளுக்குக் கைகொடுக்கும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். நல்லா இருக்கும்போதே எடுத்து வையுங்கள். ஆள் படுத்த பிறகு சான்றிதழுக்கு அலைகிற பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

தம்பி பைக்கில் விழுந்துவிட்டான். தனியார் ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டார்கள். கட்டத்தான் வேண்டுமா?

"இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" என்று 2021 டிசம்பரில் வந்த திட்டம் இருக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை, உச்சவரம்புக்குள், அரசே ஏற்கும். எந்த ஊர்க்காரர், அட்டை உண்டா என்ற பேச்சே இல்லை. விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் போதும். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். சேராத இடம் என்றாலும், உயிருக்கு ஆபத்தோடு வந்தவருக்கு முதலில் சிகிச்சை கொடுத்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

சுகர், பிரஷர் மாத்திரைக்கே மாதம் 1,800 ரூபாய் ஆகிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பழைய சீட்டை எடுத்துப் போங்கள். நடக்க முடியாதவர் என்றால் "மக்களைத் தேடி மருத்துவம்" பணியாளர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

எங்கள் சைட்டில் ஒடிசா ஆட்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு ரேஷன் உண்டா?

ஊரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் கார்டு இருந்தால் இங்கேயே வாங்கலாம். கார்டு எண்ணும் ஆதாரும் கொண்டுபோய் விரல் ரேகை வைக்க வேண்டும். அவர்களுடைய கைக்குழந்தைகளை அங்கன்வாடியில் பதியுங்கள், சத்துமாவு கிடைக்கும்.

அம்மா சென்னையில் ஒரு ஜி.எச். வார்டில் இருக்கிறார். அவருக்குச் சாப்பாடு தருகிறார்கள். துணைக்கு இருக்கும் எனக்குக் கையில் இருபது ரூபாய்தான் இருக்கிறது.

இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, கண்ணு. நோயாளிக்கு வந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து முந்தானையில் முடிந்துவைத்த ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாளாக அதுதான் அவளுக்குச் சாப்பாடு.

சென்னையில் பெரிய அரசு மருத்துவமனைகளின் வளாகத்துக்குள்ளேயே அம்மா உணவகம் உண்டு. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், இட்லி தீர்ந்துவிடும். மதியம் அன்னதானம் போடும் கோயில் பக்கத்தில் எது என்று வார்டு ஆயாவிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாத இடம் கிடையாது. போகும்போது அம்மாவைப் பார்த்துக்கொள்ள அடுத்த கட்டில்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.