நாடகக் குழுவிலிருந்து எம்பிஏ: விண்ணப்பத்தில் எதைக் காட்ட வேண்டும்?

கேள்வி: ஆறு வருடங்களாக ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் குழுவில் மேடை நிர்வாகியாக இருக்கிறேன். கம்பெனி வேலை பார்த்ததே இல்லை. கல்லூரியில் படித்தது இலக்கியம். இப்போது எம்பிஏ படிக்க ஆசை. வங்கி, ஐடி, கன்சல்டிங் ஆட்களோடு என்னால் போட்டி போட முடியுமா? பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் வாங்குவது?

பதில்: முடியும். ஹார்வர்டு போன்ற இடங்களில் பாடம் நடப்பதே விவாதமாகத்தான். ஒரு நிறுவனத்தின் சிக்கலை எடுத்துக்கொண்டு சுமார் 90 பேர் ஒரே அறையில் வாதிடுவார்கள். அத்தனை பேரும் வங்கியிலிருந்து வந்தவர்கள் என்றால் விவாதத்தில் உயிர் இருக்காது. சேர்க்கைக் குழுவுக்கு இது நன்றாகவே தெரியும். ராணுவத்தில் இருந்தவர்கள், ஆசிரியர்கள், மருத்துவர்கள் எல்லாம் ஆண்டுதோறும் சேர்கிறார்கள்.

அதற்காக, வித்தியாசமான வேலை என்பதே இடம் வாங்கித் தந்துவிடாது. வங்கியில் ‘அனலிஸ்ட்’ என்று ஒருவர் எழுதினால், அவர் என்ன செய்திருப்பார் என்று விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு உடனே பிடிபடும். ‘மேடை நிர்வாகி’ என்றால்? திரையை இழுப்பவரா, குழுவையே நடத்துபவரா? அதைப் புரியவைப்பது முழுக்க உங்கள் பொறுப்பு.

ரெஸ்யூமேயில் தொடங்குங்கள். ‘நாடகத் தயாரிப்புகளை ஒருங்கிணைத்தேன்’ என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. எத்தனை பேர் உங்கள் சொல்லைக் கேட்டு வேலை செய்தார்கள், எவ்வளவு பணம் உங்கள் கையெழுத்தில் செலவானது, நீங்கள் எடுத்த எந்த முடிவால் என்ன மாறியது: இந்த மூன்றும் வர வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று: ‘22 பேர் கொண்ட குழுவின் பயணம், சம்பளம், அரங்க வாடகையை நிர்வகித்தேன். அரங்க அமைப்பைப் பிரித்து மாட்டும்படி மாற்றியதால் இரண்டு லாரிக்குப் பதில் ஒன்றே போதுமானதாயிற்று.’ நாடகமே பார்க்காதவருக்கும் இது புரியும். உங்கள் எண்களைப் பழைய கணக்குப் புத்தகங்களிலிருந்து எடுங்கள், உத்தேசமாகப் பெருக்கிப் போடாதீர்கள். பல கல்லூரிகள் இடம் கொடுத்த பிறகு வேலை விவரங்களைச் சரிபார்க்கின்றன. பொய் தெரிந்தால் கிடைத்த இடமும் போய்விடும்.

இன்னொன்று: கார்ப்பரேட் மொழியை இரவல் வாங்காதீர்கள். நடிகர்களை ‘ஸ்டேக்ஹோல்டர்கள்’ என்று எழுதினால், உங்களிடம் இருக்கும் நல்ல சரக்கே போலியாகத் தெரியும். முக்கிய நடிகர் காட்சிக்கு முன் காய்ச்சலில் படுத்தபோது என்ன செய்தீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள்.

அடுத்து கணக்கு. உங்கள் மீது எழக்கூடிய மிகப் பெரிய சந்தேகம் இதுதான்: இலக்கியம் படித்து நாடகத்தில் இருந்தவருக்கு நிதி, புள்ளியியல் பாடங்கள் ஏறுமா? கட்டுரையில் ‘எனக்குக் கணக்கு வரும்’ என்று எழுதி இதைத் தீர்க்க முடியாது, மதிப்பெண்தான் பேசும். அமெரிக்காவின் பெரும்பாலான கல்லூரிகள் ஜிமேட், ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வுகள் இரண்டில் எதையும் ஏற்கின்றன. இரண்டின் மாதிரித் தேர்வையும் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இப்போதைய ஜிமேட்டில் கணிதம், மொழி, தரவுப் பகுப்பாய்வு என மூன்று பகுதிகள், தலா 45 நிமிடம். ஸ்கோர் 205 முதல் 805 வரை. ‘700 எடுக்கணும்’ என்று மூத்தவர்கள் சொல்வது பழைய அளவுகோல்; அது இன்று ஏறக்குறைய 645-க்குச் சமம். இதைத் தெரிந்துகொள்ளாமல் நல்ல ஸ்கோரைக் குறைவென்று எண்ணி வருந்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை. மொத்த ஸ்கோரைவிட உங்கள் விஷயத்தில் கணிதப் பகுதியின் ஸ்கோரே முக்கியம்.

அதோடு புள்ளியியலிலோ கணக்கியலிலோ தேர்வும் மதிப்பெண்ணும் உள்ள ஒரு பாடத்தை முடித்துச் சான்றிதழை இணையுங்கள். அருகிலுள்ள கல்லூரியின் மாலை நேர வகுப்பே போதும். வீடியோ பார்த்து முடிக்கும் சான்றிதழுக்கு அவ்வளவு எடை கிடையாது.

‘ஏன் எம்பிஏ?’ என்பதற்கான பதில் உங்கள் வேலையிலிருந்தே முளைக்க வேண்டும். ஆறு வருட நாடகத்துக்குப் பிறகு திடீரென்று ‘முதலீட்டு வங்கியாளர் ஆவேன்’ என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அரங்குகளை நடத்தும் நிறுவனத்தின் இயக்கப் பொறுப்பு, பெரிய நிகழ்ச்சிகளின் தயாரிப்பு, கலை அமைப்புகளின் நிதி நிர்வாகம் என்றால் நம்புவார்கள். எழுதுவதற்கு முன் அந்த வேலையில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். எம்பிஏ முடித்தவரை அங்கே உண்மையிலேயே எடுக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், கடன் வாங்கி இரண்டு வருடம் படிப்பதை மறுபடி யோசியுங்கள். குழுவின் வரவு செலவைச் சரியாக நடத்துவதுதான் நோக்கம் என்றால் நல்ல கணக்கியல் படிப்பு ஒன்றே போதும் என்பது என் கருத்து.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பிரபலங்களைத் தேடி அலையாதீர்கள். உங்கள் குழுவின் இயக்குநர் ஒருவர். இன்னொருவர், குழுவைக் காசு கொடுத்து அழைத்த விழா அமைப்பாளராகவோ, குழுவின் கணக்கைப் பார்க்கும் பொருளாளராகவோ இருக்கலாம். நீங்கள் முடிவெடுத்ததைக் கண்ணால் பார்த்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பல கல்லூரிகளின் படிவத்தில், ‘இவரிடம் நீங்கள் சுட்டிக்காட்டிய குறை என்ன, அதை எப்படி எடுத்துக்கொண்டார்?’ என்றொரு கேள்வி உண்டு. கலை உலகத்தில் இருப்பவர்கள் அங்கேயும் புகழ்மாலைதான் சூட்டுவார்கள். நடந்த சம்பவங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, குறையையும் ஒளிக்காமல் எழுதச் சொல்லுங்கள். கடிதத்தை நீங்களே எழுதித் தராதீர்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் பொதுவாக விண்ணப்பத்தின் முதல் சுற்று செப்டம்பரில், இரண்டாவது ஜனவரித் தொடக்கத்தில் முடிகிறது. வசந்த காலச் சுற்றில் மிஞ்சியிருக்கும் இடம் மிகக் குறைவு, அதை நம்பாதீர்கள். மேலே சொன்ன பாடத்தின் மதிப்பெண் கைக்கு வர எத்தனை மாதம் ஆகும் என்று முதலில் கணக்கிடுங்கள். எந்தச் சுற்று என்பதை அதை வைத்தே முடிவு செய்யுங்கள்.